பாலக் தின்றால் நிற்கும் வீடு

1953-ஆம் வருஷம் மழை ஓய்ந்து வெயில் அடித்தபோது, கசார்வாடியில் பட்டு குடியிருந்த வீடு முன்பு இருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தெற்கே தள்ளி நின்றது. வாசற்படி, அடுப்பு, தகரக் கூரை, கூரை பறக்காமல் இருக்க மேலே ஏற்றி வைத்த கற்கள் என்று ஒன்றும் குறையாமல் எல்லாம் கூடவே நகர்ந்திருந்தன. வடக்குப் பக்கம் மட்டும் ஒரு முழ அகலத்துக்குப் புல் முளைக்காத ஈரமண் கிடந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பாபுராவ் வந்து பார்த்தார், செருப்புக் காலால் அந்த மண்ணைத் தட்டினார், இந்த வருஷம் மழை ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுப் போனார். வெங்காயம் விலை ஏறிக் கிடந்த சமயம் அது. ஊரில் யாருக்கும் இதைப் பற்றி நின்று பேச நேரமில்லை.

பட்டு குடியாத்தத்துக்காரி. கல்யாணமான கையோடு புருஷன் கலியனுடன் பூனாவுக்கு ரயிலேறி வந்தவள். கலியனுக்குக் கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. குடியிருப்பு அங்கிருந்து வடக்கே கசார்வாடியில், பம்பாய் ரோட்டை ஒட்டிய ஓரறை வீடு. பிள்ளை இல்லை. 1952-ல் பொங்கல் கழிந்து ஒரு நாள் காலை, கலியன் தகரப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வாசலில் நின்று, “பம்பாய்ல மில்லு வேல கீதாம். ரூம் பாத்துட்டு வந்து உன்ன இட்டுனு போறேன். அதுவரிக்கும் வூட்ட வுட்டு எங்கியும் பூடாத. வந்தா இங்கதான் வருவேன்” என்றான். இரண்டு பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ரயிலை விட்டு இறங்கி, புளியமரத்தைத் தாண்டி, குழாயடிக்கு எதிரே நிற்கும் வீடு என்பதுதான் கலியன் அறிந்த விலாசம். ஆகவே வீடு அங்கேயே இருக்க வேண்டும், வீட்டில் தான் இருக்க வேண்டும் என்று பட்டு மனசில் முடிந்து வைத்துக்கொண்டாள். பாபுராவின் கடைக்குப் பருப்பில் கல் பொறுக்கிக் கொடுத்து வயிற்றைக் கழுவினாள். குழாயடியையும் ரயில் தண்டவாளத்தையும் தாண்டி எங்கும் போகவில்லை.

அவன் போன அந்த வாரத்திலேயே ஆமை வந்தது. சோற்றுத் தட்டு அளவுதான் இருக்கும். கறுத்த முதுகில் மஞ்சள் கோடுகள் நட்சத்திர நட்சத்திரமாக ஓடின. மத்தியான வெயிலில் வாசற்படியில் முட்டி முட்டி, எப்படியோ ஏறி, உள்ளே வந்து அடுப்பு மூலையில் குந்திக்கொண்டது. பட்டு துடைப்பத்தால் அதை வெளியே தள்ளப் போனபோது வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி சவரிமுத்துவின் பெண்சாதி பாத்திமா. சவரிமுத்து கலியனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், கிறிஸ்தவ வேதக்காரர். பூசாரி சொல்வதெல்லாம் அந்தக் குடும்பத்தில் எடுபடாது; ஆனால் ஆமை விஷயத்தில் தமிழர்களுக்குள் சாமி பேதம் கிடையாது. “அய்யய்யோ, ஆம பூந்துக்கிச்சே! இனிமே இந்த வூடு வெளங்குனாப்லதான்” என்று பாத்திமா வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். இன்னொருத்தி பக்கத்து வீட்டு மராத்திக்காரி லீலாபாய். அவர்கள் கோயில்களில் சாமிக்கு முன்னால் தரையில் ஆமையைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அதைத் தொட்டுக் கும்பிட்ட பிறகுதான் சாமி. லீலாபாய் ஓடிவந்து துடைப்பத்தைப் பிடுங்கினாள். “அக பட்டு, காசவ் ஆஹே! தேவ் ஆஹே! மாரூ நகோ!” என்று, ஆமை தெய்வம், அடிக்காதே என மராத்தியில் கத்திவிட்டு, தன் வீட்டிலிருந்து மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து ஆமையின் முதுகில் வைத்தாள். ஒருத்தி பயந்தும் ஒருத்தி கும்பிட்டும் நிற்க, நடுவில் பட்டுவுக்குத் துடைப்பம் போன கை சும்மா இருந்தது. அந்தக் கையால் ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்து ஆமைக்கு வைத்தாள்.

அன்று முதல் கசார்வாடித் தமிழர்கள் பட்டுவின் வாசற்படியை மிதிக்கவில்லை. ஆமை வந்ததால்தான் கலியன் போனான் என்று பேசிக்கொண்டார்கள். கலியன் போன பிறகுதான் ஆமை வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். பேசப் பேச முன்னது பின்னதாகி, அடுத்த வருஷத்துக்குள் அதுவே நடந்த கதையாகிவிட்டது. விரோதம் ஒன்றும் இல்லை. குழாயடியில் சிரித்துப் பேசுவார்கள், குடத்தைத் தூக்கி இடுப்பில் வைப்பார்கள், நாள் கிழமையில் செய்த பண்டத்தை வாசலுக்கு வெளியே கல்மேல் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்கள். உள்ளே வர மாட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் வந்த வினை ஒன்று உண்டு, அதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கலியன் பம்பாய்க்குப் போகவே இல்லை. கசார்வாடிக்குத் தெற்கே, நடந்து போகிற தூரத்தில், தாபோடியில் இருந்தான். அங்கே இட்லி சுட்டு விற்கும் சாவித்ரி என்ற பெண்ணிடம் தனக்கு யாரும் இல்லை என்று சொல்லிக் குடும்பம் நடத்திக்கொண்டு, அதே கிர்க்கி தொழிற்சாலைக்கு அதே ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். சவரிமுத்து தினமும் அவனைப் பார்த்தார். தமிழர்கள் அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஆனால் இந்த மாதிரிச் சேதியைக் குழாயடியில் நின்றபடி சொல்ல முடியுமா? வீட்டுக்குள் போக வேண்டும், பாயில் உட்கார வேண்டும், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும், அப்புறம்தான் வாயைத் திறக்க வேண்டும். அதுதான் வழக்கம். ஆமை இருக்கிற வீட்டுக்குள் யார் போவது? இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளி, பிறகு இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாளே என்று தள்ளி, கடைசியில் சொல்லாமல் இருப்பதே எல்லோருக்கும் பழகிவிட்டது. லீலாபாய் சொல்லியிருப்பாள், அவளுக்குத் தெரியாது.

ஆமை அடுப்பு மூலையில் மண்ணைப் பறித்து வீட்டுக்கு அடியில் போய்விட்டது. பசித்தால் அந்த வளை வழியாகத் தலையை நீட்டும். அதற்கு என்ன கொடுப்பது என்று பட்டுவுக்குத் தெரியவில்லை, வேறு யாருக்கும் தெரியவில்லை, ஆனால் எல்லோரும் கொடுத்தார்கள். லீலாபாய் பாலும் பூரண்போளியும் படைத்தாள். ஒரு வாரத்துக்கு வீடு முழுக்கப் புளித்த வாடை. கைவண்டியில் காய்கறி கொண்டுவரும் காசிம் என்ற மேலப்பாளையத்துக்காரர் விற்காமல் மீந்ததையெல்லாம் வாசலில் கொட்டிவிட்டுப் போனார். வெங்காயத் தாள் போட்டபோது கூரைத் தகரத்தின் உள்பக்கம் நீர் கோத்துக் கண்ணீராகச் சொட்டியது. வெளியே மண்டையைப் பிளக்கிற சித்திரை வெயில். கோஸ் இலையைத் தொடர்ந்து போட்டதில் கதவு தொண்டை வீங்கினாற்போல வீங்கிச் சாத்த முடியாமல் போயிற்று. பச்சை பூத்த உருளைக்கிழங்குத் தோலைத் தின்ற அன்று சுவர்கள் நடுங்கி, மாடத்து விளக்கு கீழே விழுந்து உடைந்தது. பழைய சோறு போட்டால் தரை உப்பியது. தக்காளிச் செடியின் இலையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு ஆமையே தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஒத்துக்கொண்டவையும் உண்டு. தண்டவாளத்து ஓரத்தில் வளர்ந்த சப்பாத்திக்கள்ளியின் முள் சீவிய மடல், முருங்கைக் கீரை, செம்பருத்தியின் இலையும் பூவும், கோவைக்கொடி, அருகம்புல், எப்போதாவது ஒரு கீற்றுப் பரங்கிக்காய். இவற்றைத் தின்ற நாட்களில் சுவரின் விரிசல் தானாக மூடிக்கொண்டது, கதவு கிரீச்சிடாமல் திறந்தது, மழைக்காலத்தில்கூடத் தரை காய்ந்து கிடந்தது. வீடும் நன்றாக நடந்தது. தட்டு அளவு ஆமை ஒரு வீட்டைச் சுமக்குமா என்று கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சுமந்தது.

பட்டு அதனோடு பேச ஆரம்பித்ததும் அந்த நாட்களில்தான். லீலாபாயிடம் பேசுவது பாதி மராத்தி, பாதி கை ஜாடை. வாய் நிறையத் தமிழ் பேச அவளுக்கு இருந்தது அந்த ஒரு ஜீவன்தான். காலையில் பருப்பைச் சுளகில் கொட்டிக்கொண்டு வளைக்குப் பக்கத்தில் உட்காருவாள். “இன்னிக்கி ஒரே கல்லுடி. மனுசன் தின்றதா இது?” என்பாள். ரயில் கூவினால் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பாள். யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். ஆமை தலையை நீட்டிக்கொண்டு கேட்கும். மூன்று நாலு வருஷம் அப்படிப் போயிற்று.

1956-ல் ஒரு நாள் குடத்தோடு வெளியே வந்தவள் புளியமரம் தனக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தாள். குழாயடி அதற்கும் அப்பால். வீடு இருந்த இடத்தில் பாபுராவ் சோளம் விதைத்திருந்தார். குடத்தை அங்கேயே போட்டுவிட்டு லீலாபாயிடம் ஓடினாள். “அவரு வந்து பாத்தா மொட்டத் தரதான் கீது. சொல்லாம கொள்ளாம பூட்டாள்னு நெனச்சிக்குவாரே! நான் இன்னா பண்ணுவேன்?” என்று தமிழிலேயே அழுதாள். லீலாபாய்க்கு வார்த்தை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. வீடு பண்டரிபுரத்துக்குப் போகிறது, புண்ணியம்தான், தடுக்கக் கூடாது என்று தேற்றினாள். தமிழர்கள் குழாயடியில் அது குடியாத்தத்துக்குத் திரும்பிப் போகிறது என்றார்கள். பட்டுவுக்கு எங்கும் போக வேண்டாம். நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

அந்த மாதம் காசிமின் வண்டியில் பாலக் கீரை அதிகம் மீந்தது. ஆமை ஆசையாகத் தின்றது. கட்டுக் கட்டாகத் தின்ற நாட்களில் வீடு ஒரு விரல்கூட நகரவில்லை என்பதைப் பட்டு கவனித்தாள். மறு வாரம் கள்ளி போட்டாள், நகர்ந்தது. மறுபடி பாலக் போட்டாள், நின்றது. அதற்குப் பிறகு பாலக்கும் புளிச்சகீரையும் தவிர வேறெதுவும் போடவில்லை. “ஏ தங்கச்சி, ஒத்த ஆளு, எதுக்கு இம்புட்டு பாலக்கு வாங்குதிய?” என்று காசிம் கேட்டால், எனக்குப் பிடிக்கும் அண்ணே என்று சொல்லிவிடுவாள்.

பாலக் ஆமைக்கு ஆகாது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. முதல் வருஷமே ஓடு தளர்ந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. வீட்டுச் சுவரும் அப்படியே ஆயிற்று. ஆணி நிற்கவில்லை, சாய்ந்து உட்கார்ந்தால் முதுகின் அச்சு பதிந்தது. ஆமையின் கால்கள் பக்கவாட்டில் பரந்துகொண்டன. பட்டு கீரையைக் கையில் வைத்துக்கொண்டு, “கொஞ்ச நாளு பொறுத்துக்கடி. அவரு வந்துட்டா நீ எங்க வேணா போ, நானே கள்ளி பறிச்சுப் போடறேன்” என்று கெஞ்சிவிட்டுத்தான் போடுவாள். ஆமை தின்றது. வீடு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் அசையாமல் நின்றது. அதே சமயத்தில் தாபோடியில் கலியனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். வருஷங்கள் போயின.

1961-ல் பான்ஷெட் அணை உடைந்து பாதிப் பூனா தண்ணீரில் போயிற்று. கசார்வாடிக்கு வெள்ளம் வரவில்லை, காய்கறிதான் வரவில்லை. ஆற்றோரத்துத் தோட்டங்கள் எல்லாம் சேறாகிக் கிடந்தன. காசிம் எங்கெங்கோ அலைந்து பட்டுவுக்கென்று ஒரே ஒரு கட்டுப் பாலக் கொண்டுவந்து, “ஒங்களுக்குப் புடிக்குமேன்னு கொண்டாந்தேன்” என்று நீட்டினார். பட்டு அதை வாங்கிக்கொண்டு வளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஆமை தலையை நீட்டவில்லை. கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஓடு ஊறிய அப்பளமாக இருந்தது. வெகுநேரம் கழித்து அது கண்ணைத் திறந்து, கையில் இருந்த கீரையைப் பார்த்து, அதற்கும் வாயைத் திறந்தது. பட்டு கையைப் பின்னுக்கு இழுத்தாள். “வேணாண்டி, வேணாம். நீயும் பூட்டா நான் யாராண்ட பேசுவேன்?” என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்ப் பாலக் கட்டை லீலாபாயின் எருமைக்குப் போட்டாள். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு தண்டவாளத்துப் பக்கம் போய்க் கை முழுக்க முள் ஏறக் கள்ளி வெட்டினாள். அன்றைக்கும் ஒரு ரயில் கூவிக்கொண்டு போனது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆமை தேறி ஓடு கெட்டியாக இரண்டு வருஷம் ஆயிற்று. அதன்பிறகு வீடு நின்ற காலத்துக்கும் சேர்த்து நடந்தது. வயலைக் கடந்து பம்பாய் ரோட்டின் ஓரமாகவே தெற்கே போயிற்று. ஒரு போலீஸ் ஹவல்தார் வந்து விசாரித்துவிட்டு, இடது பக்கமாகவே போக வேண்டும், பின்னால் ஒரு சிவப்பு லாந்தர் தொங்க வேண்டும் என்று சொன்னார். பட்டு லாந்தர் மாட்டினாள். லீலாபாய் கொஞ்ச காலம் தினமும் நடந்து வந்து பார்த்தாள். பிறகு வாரம் ஒரு நாள் வந்தாள். தூரம் கூடக் கூட, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லியனுப்பினாள். வழியில் யாரையும் பட்டுவுக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் தினம் வேறு ஒரு வேலி, வேறு ஒரு மரம். ஆமை மட்டும் அதே ஆமை.

தாபோடியில் கலியன் அந்த வீட்டை முதலில் பார்த்தது 1966-ல். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ரோட்டு வளைவில் ஒரு தகரக் கூரையும், அதன் மேல் தன் கையால் ஏற்றி வைத்த கற்களும் தெரிந்தன. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு காலையும் கூரை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. பிறகு சுவர் தெரிந்தது, கதவு தெரிந்தது, கதவருகே உட்கார்ந்து பருப்பு புடைக்கும் உருவம் தெரிந்தது. “இன்னா கலியா, வூடு ஃபுகேவாடி தாண்டிடுச்சு போலக் கீதே” என்று தாபோடிக்கு முந்தின ஊரைச் சொல்லிச் சவரிமுத்து தொழிற்சாலையில் சாதாரணமாகக் கேட்டார். எந்த நாளிலும் அவன் நாலு எட்டு நடந்துபோய் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. ஒரு வருஷம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, வீடு கூப்பிடு தூரத்துக்கு வந்த அன்று தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு, இந்த முறை உண்மையாகவே பம்பாய்க்கு ரயிலேறினான்.

வீடு சாவித்ரியின் வாசலுக்கு எதிரே வந்து நின்றது. தான் நிறுத்தாமலே, கீரை எதுவும் மாற்றாமலே அது நின்றது பட்டுவுக்கு ஆச்சரியமாக இருந்தது. கதவைத் திறந்தாள். எதிரே அணைந்த அடுப்புக்கு முன்னால் ஒரு பெண் இட்லிக் குண்டானைக் கழுவாமல் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குக் கலியனின் மூக்கு. பட்டு அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாவித்ரி எழுந்து ரோட்டைக் கடந்து வந்தாள். புருஷன் போன காரணத்தை அக்கம்பக்கத்தார் அன்று காலைதான், அவள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, முறைப்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

“உள்ள ஆம கீது,” என்றாள் பட்டு. “பயமா இருந்தா வெளியவே நின்னு சொல்லு.”

“எனக்கு இனிமே இன்னாக்கா வெளங்கணும்?” என்று சொல்லிவிட்டுச் சாவித்ரி படியேறி உள்ளே வந்தாள். அத்தனை வருஷத்தில் அந்தப் படியை மிதித்த முதல் தமிழ்க்கால் அவளுடையது. பாயில் உட்கார்ந்தாள், தண்ணீர் வாங்கிக் குடித்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு பட்டு வளைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, “எல்லாம் தெரிஞ்சுதான் இட்டாந்தியாடி? உனக்குப் போயி நான் வெசத்த வெச்சனே!” என்று வாய்விட்டு அழுதாள். கலியனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அதை அவளே பின்னால் சாவித்ரியிடம் சொல்லியிருக்கிறாள். சின்னப் பெண் ஒரு செம்பருத்திப் பூவைக் கொண்டுவந்து வளைக்கு நேராக நீட்டியது. ஆமை வாங்கிக்கொண்டது.

அடுத்த மாதமே சாவித்ரி இட்லிக் குண்டானோடும் பிள்ளைகளோடும் அங்கே குடிவந்துவிட்டாள். ஓரறை வீடு, நாலு பேருக்கு இடம் போதவில்லை. மழை கழிந்து பார்த்தபோது பின்பக்கம் ஒரு சின்ன அறையும் ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னலும் இருந்தன. ஆமை வளர்ந்தால் ஓடும் வளரும்தானே என்றார்கள். வீடு மறுபடி கிளம்பிற்று. நின்ற இடத்தில் இட்லி விற்றது. எந்தத் திசையில் போகிறது என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

1969-ல் கலியன் திரும்பி வந்தான். தாபோடியில் வீடு இல்லை, கசார்வாடியில் சோளம் நின்றது. சவரிமுத்து அவனைத் தன் வீட்டுக்குள் கூப்பிட்டு, பாயில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, அப்புறம் தாபோடிக்கு அப்பால் வரை கூட்டிப்போய்க் கையை நீட்டிக் காட்டினார். வீடு அதோ, ரோட்டிலேயே தெரிந்தது. ஒரு பீடி புகைத்து முடிப்பதற்குள் எட்டிவிடலாம். கலியன் நடந்தான். வீடு எப்போதும் போகிற அதே வேகத்தில்தான் போனது. அவன் வேகமாக நடந்தான், பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினான், அன்றைக்கு எட்டவில்லை, மறுநாளும் எட்டவில்லை. நின்றுவிட்டால் தூரம் கூடியது. நடந்தால் குறையாமல் இருந்தது. அதனால் அவன் நிற்கவில்லை. யாரும் அவனோடு பேசவில்லை. பேசத் தொடங்கினாலும் அவன் நடந்துவிடுவான். “பெரியம்மா, அவரு இன்னும் வராரு” என்று பிள்ளைகள் பின் ஜன்னலிலிருந்து சொல்வார்கள். பட்டு முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே, “வரட்டும்” என்பாள். அந்த ரோட்டில் பஸ் ஓட்டியவர்கள் வீட்டுக்கு ஒரு ஹாரன், கொஞ்ச தூரம் விட்டு அவனுக்கு ஒரு ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.